பதிலாள் வரும்வரை

எழுபதுகளின் கடைசியில் வட்டாரக் கல்விக் கந்தோர் ஒன்றில் கடிதம் அடிக்கும் இலிகிதராகச் சேர்ந்தேன். கல்முனைக்குத் தெற்கே, கடலோரத்தில் இருந்தது அது. கந்தோர் என்றதும் பெரிய அலுவலகமாக எண்ண வேண்டாம். ஒரு அதிகாரி, என்னையும் சேர்த்து இரண்டு இலிகிதர்மார், ஒரு பியோன், மாதத்தில் பாதி நாள் கராஜில் கிடக்கும் ஒரு ஜீப். இவ்வளவையும் வைத்துக்கொண்டு கடற்கரை நெடுகவும் காட்டோரத்திலும் இருந்த பள்ளிக்கூடங்களை நடத்தினோம். நடத்தினோம் என்பதே கொஞ்சம் கூடின பேச்சு. பள்ளிக்கூடங்கள் தம்பாட்டில் நடந்தன, நாங்கள் கடிதம் எழுதினோம்.

அந்தக் கடிதங்களில் அதிகம் எழுதியது தற்காலிக இணைப்புக் கடிதம். புதிதாக ஒருவருக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தால், வெற்றிடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அனுப்புவார்கள். வெற்றிடம் எப்போதும் காட்டோரத்தில்தான் இருக்கும். நியமனம் பெற்றவர் ஒருநாள் அங்கே போய் வரவு இடாப்பில் ஒப்பமிட்டுவிட்டு வருவார். பிறகு யாராவது பெரிய மனிதரின் சிபாரிசுத் துண்டோடு கந்தோருக்கு வருவார். ‘மறு அறிவித்தல் வரை’ அவரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இணைத்து நான் கடிதம் அடிப்பேன். பெயர் அங்கே, ஆள் இங்கே. மறு அறிவித்தல் ஒருநாளும் வராது. இப்படியே போய், கடதாசியில் பார்த்தால் காட்டோரப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். நேரில் போய்ப் பார்க்கத்தான் ஜீப் இல்லை.

கோமாரியைக் கடந்து பொத்துவில் வீதியில் இறங்கி, மேற்கே மூன்று மைல் கட்டை நடந்தால் ஒரு சின்னக் குடியேற்றம் வரும். காட்டை வெட்டிச் சேனையும் வயலும் செய்யும் முஸ்லிம் குடும்பங்கள். அங்கே ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். எங்கள் இடாப்பின்படி தலைமையாசிரியரோடு மூன்று பேர் அங்கே படிப்பித்தார்கள். உண்மையில் தலைமையாசிரியர் ஒருவர்தான். மற்ற இருவரும் இணைப்பில் ஊரில் இருந்தார்கள். அந்த இருவரில் ஒருத்தி என் தங்கை.

இதை மறைத்து வைத்து எழுதினால் பிறகு நான் எழுதியது எல்லாமே பொய்யாகிவிடும். தங்கைக்கு நியமனம் வந்தபோது உம்மா மூன்று நாள் அழுதா. வாப்பா அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்பமிட வைத்துவிட்டு, செருப்பெல்லாம் சேறாக வந்து சேர்ந்தார். “உனக்குக் கந்தோர்ல என்ன வேல? ஒரு கடிதம் அடிக்க ஏலாதா?” என்று என்னைக் கேட்டார். அடித்தேன். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த பள்ளிக்கூடத்தில் அவளை இணைத்தேன். அதிகாரி வாசிக்காமலே ஒப்பமிட்டார். அவர் எதையும் வாசிப்பதில்லை, அதனால்தான் அந்தக் கந்தோரில் எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது.

அந்தத் தலைமையாசிரியர் கல்முனைக்குடிக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஞாயிறு பின்னேரம் பஸ் ஏறிப் போய், பள்ளிக்கூடத்தின் ஒரு மூலையை ஓலையால் மறைத்துக்கொண்டு அங்கேயே தங்குவார். வெள்ளிக்கிழமை திரும்புவார். மாதக் கடைசியில் அறிக்கைகளோடு கந்தோருக்கு வந்து என் மேசைக்கு முன்னால் உட்காருவார். அவருடைய மனைவிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கைக்குழந்தையோடு இருந்த மகள் ஒருத்திதான் பார்த்துக்கொண்டாள். மனைவியைத் தூக்கி இருத்தவும் வாயில் கஞ்சி வைக்கவும் தான் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று ஊருக்கு இடமாற்றம் கேட்டிருந்தார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

அவருக்கு நாங்கள் கொடுத்த பதிலும் ஒன்றுதான்: ‘பதிலாள் கிடைத்ததும் விடுவிக்கப்படுவீர்.’ பதிலாள் எப்படிக் கிடைப்பார்? இடாப்பில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் நிறைந்திருந்தது. ஆள் நிறைந்த இடத்துக்கு மேலிடம் ஆள் தராது. ஆள் வராமல் அவரை விடவும் முடியாது, விட்டால் பள்ளிக்கூடத்தைப் பூட்டவேண்டும். நாய் தன் வாலைத் துரத்துவதுபோல அந்தக் கோப்பு சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். “தம்பி, அந்த ரெண்டு பேர்ல ஒராள அனுப்புங்க. ஏலாட்டி ரெண்டு பேரையும் என்ட இடாப்புல இருந்து வெட்டி விடுங்க. வெட்டினா வெற்றிடம் வரும். மறுகா யாரும் வருவாங்க. நான் ஊட்ட போயிருவன்.”

அவர் சொன்னது சரியான வழி. எனக்கு விளங்கியது, அதிகாரிக்கும் சொன்னால் விளங்கும். ஆனால் அந்தப் பெயர்களை வெட்டினால் என் தங்கை ஊரில் மேலதிக ஆசிரியை ஆவாள். அடுத்த நியமனம் இன்னும் தூரத்தில், அறுகம்பேக்கு அங்காலும் போகலாம்.

“பாப்பம் சேர்,” என்றேன்.

“ஓம், பாருங்க,” என்று எழுந்து போனார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தொகுதிப் புது நியமனங்கள் வரப்போவதாகக் கதை அடிபட்டது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வெற்றிடப் பட்டியல் அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பட்டியலை அடித்தவன் நான். ஒவ்வொரு பெயராக இறங்கி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த மற்ற இலிகிதர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ‘வெற்றிடம்: இல்லை’ என்று அடித்தேன். இடாப்பின்படி அது உண்மை. நான் பொய் எழுதவில்லை என்று அன்று எனக்கே பல தரம் சொல்லிக்கொண்டேன். புது ஆட்கள் வந்தார்கள், அந்த மூன்று கட்டை வழியில் ஒருவரும் நடக்கவில்லை.

அந்த வருட மாரியில், ஒரு திங்கட்கிழமை காலையில், நாங்கள் கந்தோர் திறக்கும்போதே தலைமையாசிரியரின் மருமகன் வாசலில் நனைந்துகொண்டு நின்றார். “மாமி சுபஹோட மௌத்தாகிட்டா. மாமாக்கு அறிவிக்க வழி தெரியல்ல. அசருக்கு அடக்கலாம் எண்டு இரிக்காங்க,” என்றார். விடியத் தொழுகையோடு உயிர் போயிருந்தது, பின்னேரத் தொழுகைக்கு அடக்கம். டெலிபோன் அந்தப் பக்கம் கிடையாது. ஜீப் கராஜில். பியோனுக்குக் காய்ச்சல். நான் போகிறேன் என்று சொன்னேன். அதிகாரி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். அந்தக் கந்தோரில் யாரும் எங்கேயும் தானாகப் போனதில்லை.

பஸ்ஸில் போய், சேற்றில் நடந்து, சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. சுவரில்லாத ஒரே கொட்டகைக்குள் ஐந்து வகுப்புகளும் ஐந்து பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன. நடுவில் அவர் நின்றார். என்னைக் கண்டதும் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். சோக்கட்டியைக் கீழே வைத்தார்.

“எத்தின மணிக்கு?” என்று மட்டும் கேட்டார்.

“சுபஹோட சேர். உங்களக் காத்திட்டிரிக்காங்க. அசருக்கு அடக்கிறதாம்.”

‘இன்னா லில்லாஹி’ என்று வாய்க்குள் ஓதினார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். “இதுகள விட்டுட்டு எப்பிடி வாற? பள்ளிக்கூடம் விட்டாத் தாய்தகப்பன் வந்துதான் கூட்டிட்டுப் போற. வழியில யானை இரிக்கி.”

“நான் நிக்கிறன். நீங்க போங்க சேர்.”

அந்த மனிதர் அப்போதும் ஓடவில்லை. மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு கொடுத்திருப்பதையும், ஐந்தாம் வகுப்புக்குச் சொல்வதெழுதல் பாதியில் நிற்பதையும், ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி என்பதையும் எனக்குச் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். முதுகு கொஞ்சம் வளைந்து, காலைச் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி நடந்தார்.

எனக்குப் படிப்பிக்கத் தெரியாது. சும்மா நின்றேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, முன்பல் இல்லாதது, “எங்கட டீச்சர் வரல்லயா?” என்று கேட்டது.

“யாரு உங்கட டீச்சர்?”

என் தங்கையின் பெயரை, வாப்பாவின் பெயரையும் சேர்த்து, முழுதாகச் சொன்னது. கைவிரலால் மரப்பலகையைக் காட்டியது. அங்கே பாடவேளை நேரசூசி ஒட்டியிருந்தது. மூன்றாம் வகுப்புக்கு நேரே அந்தப் பெயர் அழகான எழுத்தில் இருந்தது. கந்தோர் எழுதியதைத்தான் தலைமையாசிரியரும் எழுதியிருந்தார்.

“அவக்குச் சுகமில்லயாம். சுகமானா வருவாவாம். சேர் சொன்ன,” என்றது பிள்ளை.

அந்த நேரத்தில் என் தங்கை ஒரு குறையும் இல்லாமல், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், மற்ற ஆசிரியைகளோடு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருப்பாள். நான் அந்தப் பிள்ளைக்கு “ஓம்” என்றேன்.  பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குத் தகப்பன்மார் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் புதுச் சேரா என்று ஒருவர் ஆசையோடு கேட்டார். இல்லை, கந்தோர்க்காரன் என்றேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் பார்த்தேன்.

மறுநாள்தான் மிச்சம் தெரிந்தது. தலைமையாசிரியர் வீதிக்கு வந்து நெடுநேரம் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். பஸ் வந்தும், வழியில் ஒரு மதகுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்ததால் அது வடியும்வரை மறித்துவிட்டார்கள். ஊரில் அசர் தொழுதுவிட்டுக் காத்திருந்தார்கள். கபுறுக் குழிக்குள் தண்ணீர் ஊறி, ஊறி வந்தது. வெட்டியவர்கள் இரண்டு தரம் இறைத்துப் பார்த்துவிட்டு, இனி மையித்தை வைத்திருப்பது சரியில்லை என்றார்கள். பள்ளிவாசல் மரைக்கார் மகளிடம் கேட்டுக்கொண்டு தூக்கச் சொன்னார். பொழுதுபட்டு மஃரிபு பாங்கு சொல்லும்போது தலைமையாசிரியர் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல், பையோடு நேரே மையவாடிக்குப் போனாராம். அங்கே யாரும் இருக்கவில்லை. எது புதுக் கபுறு என்று ஈர மண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாராம்.

அன்று வீட்டுக்குப் போனதும் தங்கையிடம் சொன்னேன். அவள் அழுதாள். “நான் போறன் காக்கா, அந்தக் கடிதத்தக் கிழிங்க,” என்றாள். உம்மா குறுக்கே வந்து, குமர்ப்பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புவதா என்று சத்தம் போட்டா. எனக்கு அது போதுமாக இருந்தது. என்னைத் தடுக்க யாராவது வேண்டும் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன் என்பதுதான் உண்மை.

மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் தலைமையாசிரியர் கந்தோருக்கு வந்தார். வழக்கமான கதிரையில் உட்கார்ந்து, நான்காக மடித்த ஒரு கடிதத்தை நீட்டினார். இடமாற்ற விண்ணப்பத்தை வாபஸ் பெறுவதாக எழுதியிருந்தது.

“என்ன சேர் இது?”

“இனித் தேவல்ல தம்பி. ஊருக்கு வந்து நான் ஆரப் பாக்க?”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான். வெற்றிடப் பட்டியலில் இருந்து தொடங்க வேண்டும், அது வரவில்லை.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “விடுங்க. உங்கட தங்கச்சிய அங்க அனுப்பிடாதங்க. யானை திரியிற இடம். பொம்புளப் புள்ளைக்குச் சரிவராது. நான் இரிக்கன்.”

முதலிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவருடைய இடாப்பில் எங்கள் வாப்பாவின் பெயரும் எங்கள் வீட்டு விலாசமும் இருந்தன. எத்தனை மாதக் கடைசிகள் என் முன்னால் உட்கார்ந்து, அதைத் தெரிந்துகொண்டே, ‘ரெண்டு பேர்ல ஒராள அனுப்புங்க’ என்று பெயர் சொல்லாமல் கேட்டிருக்கிறார்.

கடிதத்தைப் பதிந்தேன், இலக்கமிட்டேன். அதிகாரியிடம் கொண்டுபோய் ஒப்பம் வாங்கினேன். ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று பதில் அடித்து, முத்திரை குத்தி, அவர் கையிலேயே கொடுத்தேன். அந்தக் கந்தோரில் வந்த அன்றே நான் முடித்துக்கொடுத்த கடிதம் அது ஒன்றுதான். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “பெரிய உதவி தம்பி,” என்று சொல்லிவிட்டு, பொத்துவில் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.