பழைய காருக்குப் பூக்கட்டிப் பார்த்தது

எங்கள் நிலம் கம்பெனிக்குப் போன வருடம் அப்பா ஒரு கார் வாங்கினார். புதிதல்ல. சென்னையில் யாரோ ஒரு பணக்காரர் ஓட்டி அலுத்துப்போன வெளிநாட்டுக் கார். கறுப்பு நிறம், தோல் இருக்கை. கதவைச் சாத்தினால் சத்தமே வராது. சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருவுக்குள் அது திரும்புவதற்கு இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் பைக்கை நகர்த்த வேண்டும். முணுமுணுக்காமல் நகர்த்தினார்கள். அவ்வளவு மரியாதை.

எனக்கு ஒன்பது வயதானபோது காருக்கு என்னைவிட வயதாகியிருந்தது. ஏ.சி. நின்றுபோயிற்று. காலையில் பார்த்தால் பின்பக்கம் மாடு படுத்த மாதிரி தரையோடு இறங்கிக் கிடக்கும். இன்ஜினைப் போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால்தான் எழுந்திருக்கும். சுற்றிலும் இத்தனை கார் தொழிற்சாலை இருந்தும், எங்கள் காருக்கு ஒரு சின்ன ரப்பர் வேண்டுமென்றால்கூட மெக்கானிக் எங்கெங்கோ போன் போட்டு மாதக்கணக்கில் காக்க வைப்பார்.

அந்தக் காரில்தான் அப்பா வேலைக்குப் போனார். வேலை என்றால், எங்கள் நிலத்தில் எழும்பிய அதே தொழிற்சாலையின் வாசலில் செக்யூரிட்டி. யூனிஃபார்முக்கு மேல் ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். கொஞ்சம் தள்ளி மரத்தடியில் காரை நிறுத்தி, வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து இருக்கையில் வைத்துவிட்டு, வாசலில் போய் நின்று, தன் காரைவிடச் சின்னக் கார்களில் வரும் அதிகாரிகளுக்கு சல்யூட் அடிப்பார். அந்தச் சட்டையை அம்மா தினமும் இஸ்திரி போட்டு வைப்பாள். எல்லா அப்பாக்களும் இப்படித்தான் வேலைக்குப் போகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

புது வண்டிப் பேச்சைக் கிளப்பியவர் மாமா, அம்மாவின் தம்பி. கார் தொழிற்சாலையில் லைன் வேலை. அங்கிருந்து வெளியே போகிற ஒவ்வொரு காரையும் தானே பெற்றுப் போட்ட மாதிரி பேசுவார்.

"இத்த தள்ளிவுட்டுட்டு சின்னதா ஒரு புதுசு எடு மாமா. வாரண்டி கீது, மைலேஜ் கீது. இன்னாத்துக்கு இத்தக் கட்டிக்கினு மாரடிக்கிற?"

அம்மா தம்பி கட்சி. "வண்டியா இது? வூட்டுக்கு வந்த சனியன்" என்று காரைக் கடக்கும்போதெல்லாம் திட்டுவாள். நானும் அவர்கள் கட்சிதான். புது வண்டியில் டச் ஸ்கிரீன் இருக்கும் என்று மாமா சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அப்பா ஒரே ஒரு முறைதான் பதில் சொன்னார், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. "நெலம் போயி இது ஒண்ணுதான் நிக்குது. இத்தயும் வுட்டுட்டா நான் வெறும் வாட்ச்மேன்தான்." அம்மா ரசத்தைச் சூடு பண்ண உள்ளே போனாள்.

மாமாவும் விடவில்லை, அப்பாவும் இறங்கி வரவில்லை. கடைசியில், வல்லக்கோட்டை முருகனையே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. எங்கள் பக்கம் பெண் கொடுப்பது, போர்வெல் போடுவது என்று எதில் இழுபறி வந்தாலும் இதுதான் வழி. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டி, சாமி காலடியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் பழைய கார் இருக்கும், சிவப்பு வந்தால் புதுசு. குழந்தை நான்.

பழைய காரிலேயே எல்லோரும் போனோம். அம்மா பூ வாங்கி, யாரும் பார்க்கக் கூடாதென்று தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வாழை இலையில் இரண்டு பொட்டலம் கட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, சிவப்பு வந்தால் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று முருகனிடம் சொன்னேன். பிறகு பயந்துபோய் அதைப் பூமுடியாகக் குறைத்துக்கொண்டேன்.

குருக்கள் தட்டை நீட்டினார். ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அப்பா பிரித்தார். வெள்ளை.

அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "முருகனே சொல்லிட்டான். இனி நான் இன்னாத்த சொல்றது? இந்தச் சனியனோடதான் நம்ம பொழப்பு."

காரைக் கிளப்பி எழுப்ப நேரமாகும் என்று அப்பாவும் மாமாவும் முன்னால் போனார்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, மரத்தடியில் போட்டுவிட வேண்டும். அதை அம்மா என்னிடம் கொடுத்தாள். வராமல் போன சிவப்பை ஒரு தடவையாவது பார்த்துவிடலாமென்று மரத்துக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன். அதிலும் வெள்ளைதான்.

ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். "அம்மா, நீ தப்பா கட்டிட்ட. ரெண்டுலயும் வெள்ளப் பூதான் கீது."

அம்மா அதை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். "தொறந்து பாத்தியா? அப்பாகிட்ட, மாமாகிட்ட ஒரு வார்த்த சொன்ன, தோல உரிச்சிடுவேன். வாய மூடிக்கினு வண்டில ஏறு."

ஏறினேன். ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு அப்பா என்றுமில்லாமல் மெதுவாக ஓட்டினார். அம்மா ஒரகடம் வரைக்கும் காரைத் திட்டிக்கொண்டே வந்தாள். எதிலும் பிசகாத அம்மா, ஒரு பூவை மாற்றிக் கட்டியதால் கைக்கு வந்த புது வண்டியைக் கோட்டை விட்டுவிட்டாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது. அவளை எப்படியாவது காப்பாற்ற வேண்டுமென்று, அந்தத் தவற்றை நான் யாரிடமும் சொல்லவேயில்லை.