இரண்டு அப்பா ஆழம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சின்னவள் பேய்க்குச் சாப்பாடு கொண்டு போனாள்.

விளையாட்டில்லை. நிஜப் பேய்... அதாவது, என் வீட்டுக்காரர் நிஜமென்று சொல்லி வைத்திருந்த பேய்.

கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குத் தெரியும் — நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே மாணிக்கக் குழி ஒன்றாவது இருக்கும். கல் தேடித் தோண்டுவார்கள். கிடைக்காவிட்டால் அப்படியே விட்டுப் போவார்கள். மிச்சத்தை மழை நிரப்பிவிடும். பிள்ளைகள் அங்கே போகாமலிருக்க நாம் என்ன செய்வோம்? வழக்கமான மருந்துதான். “குழிக்குள்ள பேய் இருக்கு!”

ஐந்து வயது நிரோஷாவும் பயந்தாள். ஆனால் மாடசாமிக்குப் படையல் போட்டபோது, “சாமிக்குச் சாப்பாடு குடுத்தா நம்மள ஒண்ணும் செய்யாது” என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. பிள்ளை யோசித்திருக்கிறது.

துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். தேடிப் போனால்... குழியின் விளிம்பிலே குந்தியிருக்கிறாள்! மழையில் ஊறிய மண். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தண்ணீரில் போடுகிறாள்.

கத்தினால் திடுக்கிட்டு விழுவாள். ஓடினால் மண் சரியும்.

“சத்தம் போடாதம்மா, பேய் சாப்பிடுது” என்றாள், திரும்பாமலே. குட்டி மீன்கள் வந்திருந்தன.

“வெறும் ரொட்டியாடி குடுக்குற? பேய்க்கு சீனி வேணாமா? வா, வீட்டுல போய் எடுத்துட்டு வருவோம்.”

நல்ல வேளை, அது நியாயமாகப் பட்டது அவளுக்கு. எழுந்து என்னிடம் வந்தாள். கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன் — அந்த வசனங்கள் இங்கே வேண்டாம்!

அன்று பின்னேரமே அவரும் பக்கத்து வீட்டு ஆட்களும் மூங்கில் வெட்டி, குழியைச் சுற்றி வேலி அடைத்தார்கள். அதற்கு முன் ஒருவர் நீள மூங்கில் ஒன்றைக் குழிக்குள் இறக்கி எடுத்தார். அதை என் வீட்டுக்காரர் தம் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். அவர் தலையைத் தாண்டி, இன்னொரு ஆள் உயரத்துக்கு ஈரம்.

“பேயெல்லாம் இல்ல பாப்பா, அப்பா பொய் சொன்னேன். இதுக்குள்ள விழுந்தா அப்பாவாலயே நிக்க முடியாது. பெரியவங்க கையப் புடிக்காம தண்ணிப் பக்கம் போகக் கூடாது, சரியா?”

“ரெண்டு அப்பா!” என்று வாயைப் பிளந்தாள்.

பேயைச் சரிக்கட்ட ஒரு ரொட்டி போதும் என்று பிள்ளை நினைக்கும். ஆழத்தை எதைக் கொடுத்துச் சரிக்கட்டுவது? இதை முதலிலேயே காட்டியிருக்கலாமே நாம்!

நேற்று அவரும் நானும் நிரோஷாவுமாகப் பஸ்ஸில் டவுனுக்குப் போனோம். பாலம் வந்தது. நிரோஷா ஆற்றை எட்டிப் பார்த்தாள். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

“அம்மா, இது எத்தன அப்பா?”

பக்கத்து சீட்டிலிருந்த அளவுகோல் அசடு வழியச் சிரித்தது.