எபி போட்டு வைத்த சீட்

நம்ம எபி செத்துப் போயிட்டான்... வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

2006 ப்ளஸ் டூ பேட்ச் எல்லாருக்கும் சொல்கிறேன். எபினேசர். மேல்பட்டாம்பாக்கம் எபி. நேற்று மத்தியானம்.

கடலூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கம்பெனி பேர் இங்கே வேண்டாம். க்ளீன் பண்ணிக்கொண்டிருந்த டேங்கில் கேஸ்... மேலே தூக்கும்போதே உயிர் இல்லையாம்.

சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கிற ஸ்கூலில் கடைசி பீரியட். நம்ம பேட்ச் பாலா போன் பண்ணிச் சொன்னான். கட் பண்ணிவிட்டு மறுபடி நானே போன் போட்டுக் கேட்டேன். அதையேதான் சொன்னான்.

கடலூர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். சீட் இல்லை. வழியெல்லாம் அதுதான் மனசை அறுத்தது. எபி கூட இருந்த வரைக்கும் பஸ்ஸில் எனக்கு சீட் இல்லாமல் போனதே கிடையாது.

அவனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் கடலூர் பஸ் ஸ்டாண்டில் எங்க கூட்டம் மொத்தமும் பண்ருட்டி பஸ்ஸுக்கு நிற்கும். நெல்லிக்குப்பம் போகிறவர்கள், மேல்பட்டாம்பாக்கம் போகிறவர்கள், எல்லாம். பஸ் உள்ளே திரும்பும்போதே யாராவது கத்துவார்கள். "டேய் எபி, ஏறுடா." அவ்வளவுதான். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாக உள்ளே இருப்பான்.

எங்க ஸ்கூலில் பையனும் பொண்ணும் பேசினால் மறுநாள் பிரேயரில் நிற்க வைத்து மானத்தை வாங்குவார்கள். அதனால் பொண்ணுங்க யாரும் அவனிடம் பேச மாட்டோம். ஜன்னல் வழியாகப் பையை மட்டும் நீட்டுவோம். வாங்கி வரிசையாக சீட்டில் வைப்பான். எது யார் பை என்று அவனுக்குத் தெரியும். முகத்தைக்கூடப் பார்க்க மாட்டான்.

ரெண்டு வருஷம் எனக்கும் அவனுக்கும் பழக்கம் இவ்வளவுதான்... ஒரு பை.

ஒரு தடவை பை போதாமல் செருப்பைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டான். கண்டக்டர் எடுத்து வெளியே வீசினார். "பஸ்ஸு என்னா ஒங்க அப்பன் வூட்டுதாடா?"

எபி அசரவில்லை. "எங்க அப்பன் வூட்ல சைக்கிளே இல்லண்ணா" என்றான். ஒத்தைச் செருப்போடு வீட்டுக்குப் போய் அதற்கும் அடி வாங்கினான்.

இத்தனை சீட் பிடிப்பானே, உட்கார மாட்டான். எல்லாரும் ஏறியதும் ஃபுட்போர்டுக்குப் போய்விடுவான்.

ப்ளஸ் ஒன் அரையாண்டு லீவில் சுனாமி, கடல் உள்ளே வந்தது. கடலூர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஸ்கூல் திறந்தபோது எபி பக்கத்தில் உட்காரும் வேலு வரவில்லை. முதுநகர் தாண்டி கடலோரத்தில் வீடு. அவன் பிறகு வரவே இல்லை.

எபி அந்த இடத்தில் தன் பையை வைத்தான். தினமும் வைத்தான். இன்னொரு பையன் அங்கே உட்காரப் போனபோது, "ஆளு வருதுடா" என்றான். பஸ்ஸில் சொல்கிற மாதிரியே. அந்தப் பையன் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான்.

எதற்கெடுத்தாலும் பிரம்பைத் தூக்கும் எங்க பிசிக்ஸ் சார், அந்தப் பையைப் பார்த்துவிட்டுப் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டார். முழுப் பரீட்சை வரைக்கும் அது அங்கேயே இருந்தது.

சரி... நேற்றைக்கு வருகிறேன்.

ஜி.எச். மார்ச்சுவரி வாசலில் கம்பெனி சூப்பர்வைசர் ஏட்டய்யாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அவராத்தான் சார் எறங்குனாரு. யாருக்கும் தெரியாது. பொறுப்பில்லாத ஆளு சார்."

எபி மனைவி ஜான்சி அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். போன வருஷம்தான் கல்யாணம்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க அவுரோட படிச்சவங்கதான... அவுரு அப்பிடி எறங்குற ஆளா? என்னை உட்டுட்டு சும்மா போயி எறங்கியிருப்பாரா?"

அழுகைகூட இல்லை. அவளுக்கு பதில் தெரிந்தாக வேண்டும்.

"யாரும் கூப்புடாம அவன் ஒரு பஸ்லகூட ஏறுனது கெடையாதும்மா" என்றேன். சொல்லும்போதே எனக்கு அது போதவில்லை. ஒரு பொண்டாட்டிக்குச் சொல்கிற பதிலா அது?

பாலாதான் வார்டுக்குப் போய், கூட வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடினான். டேங்கில் முதலில் இறங்கிய இன்னொருத்தர் பிழைத்துக் கிடக்கிறார் என்று தெரிந்ததும் எங்களையும் கூட்டிப் போனான். ஏட்டய்யாவும் பின்னாலேயே வந்தார்.

அந்த ஆள் ஜான்சியைப் பார்த்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டார்.

"மூச்சு முட்டுதுன்னு கத்துனேம்மா. எபி, கை குடுடான்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டேன்... எறங்கி வந்துட்டான். கயித்த எம்மேல கட்டி மேல அனுப்பிட்டான். அவன் ஏறல."

பிறகு ஏட்டய்யா பக்கம் திரும்பினார். "எழுதிக்கங்க சார். நான்தான் கூப்பிட்டேன்."

ஜான்சி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள். எங்களால் அவளைத் தூக்க முடியவில்லை.

சூப்பர்வைசர் அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை. நாசமாய்ப் போகட்டும்.

இன்று சாயங்காலம் மேல்பட்டாம்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது. நம்ம பேட்ச்சில் வர முடிந்தவர்கள் வந்தோம். பெட்டியை இறக்கும்போது பாலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

திரும்பும்போது பஸ் காலி. ஆளுக்கொரு ஜன்னல் சீட்.

போயிட்டு வா எபி... அங்க போயி எங்களுக்கு சீட்டு கீட்டு போட்டு வைக்காத. நாங்க மெதுவா வர்றோம்.

இப்பவாவது நீ ஒக்காருடா.