அப்பா என்ன குடிப்பார்

அப்பாவின் முதலாண்டுப் படையலுக்கு இரண்டு நாள் இருக்கையில், இலையில் வைக்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு வழக்கப்படி, இறந்தவர் விரும்பியதை மட்டுமே படைப்போம். கோழிப் பிரட்டல், நெத்திலி சம்பால், உளுந்து வடை வரை தடையின்றி எழுதினேன். கடைசியில் ‘குடிக்க’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

“தேத்தண்ணி வையி,” என்றார் அம்மா.

“பால் ஊத்தியா, ஊத்தாமலா? சீனி எவ்வளவு?”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. “தெரியலயேம்மா. எப்பவும் அவருதானே எல்லாருக்கும் வாங்கிட்டு வருவாரு.”

ஜுரு என்ற ஊரில் கார் விற்கும் அண்ணனை அழைத்தேன். “நாம குடிக்கிறதத்தான் குடிப்பாரு,” என்றான்.

“நாமன்னா யாரோடது?”

“ஆரம்பிச்சிட்டியா? அப்படியே அப்பாதான்லா நீ.”

அவன் கேலியாகத்தான் சொன்னான். அன்று அது எனக்குப் பொருந்தவில்லை. அப்பாவாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அப்பா பாரிட் புந்தாரிலிருந்து வேலைக்காகப் பினாங்குக்கு வந்தவர். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், உருப்பெருக்கியின் கீழ் மின்சுற்றுப் பலகைகளைப் பார்த்து, மயிரிழை அளவு பிசகையும் கண்டுபிடிப்பது அவர் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்கள் ஓய்ந்ததில்லை. எங்கள் அடுக்குமாடியின் படிகளில் ஒன்று மட்டும் அரை விரல் உயரம் குறைவு என்பதை அந்தக் கட்டடத்தில் அறிந்திருந்தவர் அவர் ஒருவரே. என் பள்ளிக் காலணியின் கயிறுகள் சமமாக இல்லை என்பார். அதைக் குறையாகச் சொல்லமாட்டார். வானிலைபோல ஒரு செய்தியாகச் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தெருமுனையிலிருந்த சிறு தேநீர் ஒட்டுக்கடைக்குப் போய், மூன்று பிளாஸ்டிக் பைகளில் பானம் வாங்கி, மோட்டார் சைக்கிளின் கொக்கியில் மாட்டிக்கொண்டு வருவார். அம்மாவுக்குப் பாலும் சீனியும் இல்லாத தேநீர். அண்ணனுக்குப் பால் கலந்த ரோஜா சிராப். எனக்குக் கோப்பி, ‘கூராங் மானிஸ்’. கடைக்காரர்களுக்கு அது இனிப்பைக் குறை என்பதோடு முடிந்துவிடும். அப்பாவுக்கு அது ஒன்றரைக் கரண்டி.

கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பையையும் அவிழ்த்து, சின்னஞ்சிறு எவர்சில்வர் குவளையில் ஒரு வாய் ஊற்றிக் குடிப்பார். ஒரு கணம் விட்டத்தைப் பார்ப்பார். பிறகு மறுபடி கட்டி நீட்டுவார்.

பதினைந்து வயதில் எனக்கு அது பொறுக்கவில்லை. “அப்பா, செக்கிங்லாம் பெக்டரியோட வச்சிக்குங்க,” என்றேன். “எச்சி பண்ணினத யாரு குடிப்பா?”

அவர் சிரித்தார். “சரிங்க மேடம்.”

அடுத்த வாரத்திலிருந்து என் பை முடிச்சு அவிழாமல் வந்தது. அதற்குப் பிறகு எப்போதும் அப்படியே. அந்த மாற்றத்தை நான் ஒரு வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன்.

படையலுக்கு முந்தைய நாள் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“எங்கப்பா என்ன குடிப்பாருக்கா?”

“அண்ணே இங்க எங்க குடிச்சாரு? மூணு பொட்டலம், அவ்வளவுதான். நானும் கேட்டுப் பாத்துட்டேன், வேணாம்பாரு.” தேநீரை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “ஆங், ஒன்னோட கோப்பி தப்பாயிருச்சின்னா குடிப்பாரு.”

“எப்படி?”

“கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கரண்டி வாங்கி ருசி பாப்பாருலா. வீட்டுல அவுத்தா எம்மவளுக்குப் பிடிக்காதும்மான்னுவாரு. இனிப்புக் கூடிப்போச்சின்னா, கீழ ஊத்த விடமாட்டாரு. இங்கனயே நின்னு அதக் குடிச்சிட்டு, வேற போட்டு எடுத்துட்டுப் போவாரு. எனக்குக் கோவமா வரும். ஒரு கோப்பிக்கு இவ்வளவா அண்ணேம்பேன். சிரிச்சிக்குவாரு.”

வீடு திரும்பும் வழியில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. கடையில் கூட்டம். மூன்று பைகளையும் அண்ணன்தான் வாங்கிவந்தான். கட்டு அவிழாமல் அவற்றை ஒரு கிண்ணத்தில் நிறுத்தி இலையருகே வைத்தோம். பக்கத்தில் அந்தக் குவளையை வைத்தேன். சூடம் காட்டிய பிறகு, இறந்தவர் வந்து உண்பதற்காக அறைக் கதவைச் சாத்திவிட்டு மூவரும் வெளியே நின்றோம். உள்ளே ஒரு முடிச்சு அவிழும் ஓசைக்காக நான் காத்திருந்தேன் என்பதை இங்கே எழுதலாம். அன்று அவர்களிடம் சொல்லவில்லை.

அம்மா கதவைத் தட்டித் திறந்தார். மூன்று பைகளும் வைத்தபடியே இருந்தன. என்னுடையதை அவிழ்த்து, குவளையில் ஒரு வாய் ஊற்றிக் குடித்தேன்.

“சரியா இருக்கா?” என்றார் அம்மா.

“இல்லம்மா. இனிப்பு கூட.”

அண்ணன் சாவியை எடுத்தான். “இரு, மாத்திட்டு வந்துர்றேன்.”

“வேணாம்ணே.”

மீதிக் கோப்பியிலிருந்து குவளை விளிம்பு வரை ஊற்றி, மறுபடி அப்பாவின் இலையருகே வைத்தேன். பிறகு நானே கதவைச் சாத்தினேன்.