கன்னுக்குட்டிக்கு வைத்த பொட்டு

ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். கிருஷ்ணகிரிப் பக்கம் பெண்களுக்கென்று இருந்த ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் அப்பா என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எங்களுக்கு ஊர் ஓசூர். இன்றைக்கு ஓசூர் என்றால் கம்பெனி, ஷிப்டு, நெரிசல். அன்றைக்கு அது ஒரு சந்தை ஊர், அவ்வளவுதான். ஓசூர் கடைத்தெருவிலேயே வளர்ந்த பெண் நான். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம் என்று மூன்று பாஷையிலும் சண்டை போடுவேன். வாயாடி, முன்கோபி என்று வீட்டில் பட்டமே உண்டு.

அப்படிப்பட்ட எனக்கு ஹாஸ்டல் வாசலில் கிடைத்த முதல் வரவேற்பு என்ன தெரியுமா? தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறேன், மேலேயிருந்து ஒரு குரல்: “ஏய், இன்னொரு கன்னுக்குட்டி வந்திருச்சுடீ!”

முதல் வருஷத்துப் பெண்களுக்கு அங்கே அதுதான் பேர். அப்பா அம்மா வைத்த பேரெல்லாம் பெட்டிக்குள் போய்விட வேண்டும். சீனியர்கள் “கன்னுக்குட்டி” என்று கூப்பிட்டால் எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வர வேண்டும். அவர்கள் எல்லோரையும் “அக்கா” என்றுதான் கூப்பிட வேண்டும், “வாங்க போங்க” என்றுதான் பேச வேண்டும். வயசுக் கணக்கே கிடையாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இரண்டாம் நாளே அப்பாவுக்கு ஆள் சொல்லி அனுப்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தேன்.

போகவிடாமல் பிடித்து நிறுத்தியது என் பக்கத்துப் பாய்க்காரி. அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. தெலுங்கு பேசுகிற விவசாயக் குடும்பம். எனக்குப் பதினேழு வயசு, அவளுக்கு அப்போதே முப்பதை நெருங்கியிருக்கும். சின்ன வயசில் கல்யாணம், அது என்னவென்று தெரிவதற்குள் புருஷன் போய்விட்டான். பத்து வருஷத்துக்கு மேல் அண்ணன் வீட்டில் ராகி அரைத்துக்கொண்டும் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டும் இருந்தவளை, அந்த அண்ணனே ஊர்வாயை மீறி எட்டாவது பரீட்சை எழுத வைத்து இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, வெறும் கழுத்து. அவளைவிடப் பத்து வயசு சின்னவள் “ஏ கன்னுக்குட்டி, தண்ணி மொண்டு வா” என்றால், “இதோ அக்கா” என்று குடத்தைத் தூக்குவாள். சிரித்துக்கொண்டே தூக்குவாள்! எனக்கு வயிறு எரியும்.

நான் அவளை மரியாதையாக “அக்கா” என்று கூப்பிட்டேன். ஒரே வார்த்தையில் வெட்டிவிட்டாள்.

“நாம ரெண்டு பேரும் ஒரே வருசம். பேரு சொல்லிக் கூப்புடு.”

என்னைவிட அத்தனை வயசு மூத்தவர்களில் நான் பேர் சொல்லிக் கூப்பிட்டது வாழ்க்கையில் அவள் ஒருத்தியைத்தான். முதலில் நாக்கு கூசியது. அப்புறம் பழகிப்போச்சு.

அந்த வாரமே கன்னுக்குட்டிகள் நாங்கள் சிலர் சேர்ந்து எங்கள் சரித்திர டீச்சரிடம் முறையிட்டோம். மெட்ராசில் படித்தவர், எதைக் கேட்டாலும் கதையாகச் சொல்லுவார். விழுந்து விழுந்து சிரித்தார். “அடப் பைத்தியங்களா, இது உங்களுக்கு மட்டுமா? ஜெர்மனிப் பக்கம் புதுசா சேர்ற பையனை நரின்னு கூப்பிடுவாங்க. பிரான்சிலயும் ஸ்காட்லாந்திலயும் அந்தக் காலத்துல மஞ்ச அலகும்பாங்க, இன்னும் கூட்டை விட்டுப் பறக்காத குஞ்சுன்னு அர்த்தம். நீங்க கன்னுக்குட்டி. நரிக்கு இது எவ்வளவோ தேவலை, போங்க.” வகுப்பே சிரித்தது. எனக்கும் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஜெர்மனிக்காரனுக்கே நரி என்றால் நாம் எந்த மூலை!

என் பக்கத்துப் பாய்க்காரி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கேட்டாள்: “டீச்சர், அந்த ஊர்லயெல்லாமும் இந்தப் பேரு ஒரு வருசத்துக்குத்தானா?”

“ஆமாம். அடுத்த வருஷம் புது நரி வந்துடுமே.”

“சரிங்க டீச்சர்” என்று உட்கார்ந்துவிட்டாள். இதென்ன கேள்வி என்று அப்போது நினைத்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மணி கட்டுகிற நாள். ஹாஸ்டலில் எத்தனையோ வருஷமாக நடக்கிற கூத்தாம் அது. ஓசூர் சந்தையில் விற்கிற சின்னப் பித்தளை மணியைக் கயிற்றில் கோத்து வைத்திருப்பார்கள். முதல் வருஷத்துக்காரிகள் எல்லோரும் பின்கட்டில் புங்க மரத்தடியில் வரிசையாக நிற்க வேண்டும். ஹாஸ்டல் பசு ஒன்று இருந்தது, அதற்கு முதலில் மாட்டுப்பொங்கல் மாதிரி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அகத்திக்கீரை கொடுப்பார்கள். அப்புறம் வரிசையாக எங்களுக்கு. கழுத்தில் மணி, நெற்றியில் குங்குமம், கையில் ஒரு கொத்து அகத்திக்கீரை. மற்றவர்கள் தட்டைத் தட்டிக்கொண்டு “பொங்கலோ பொங்கல்” என்று கத்துவார்கள். அன்றிலிருந்து தசரா லீவு வரைக்கும் ஹாஸ்டலுக்குள் மணியைக் கழற்றக் கூடாது. சீனியர் கூப்பிட்டால் வாயால் பதில் சொல்லாமல் மணியை ஆட்ட வேண்டும்.

குங்குமத் தட்டோடு வந்தவள் சீனியர்களிலேயே பெரிய அதிகாரி. பத்தொன்பது வயசிருக்கும். நடக்கும்போதே தரை அதிரும். ஒவ்வொருத்தியாகக் கேலி பண்ணிக்கொண்டே பொட்டு வைத்து வந்தவளுக்கு, எனக்கு முன்னால் நின்ற என் பாய்க்காரியிடம் வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

தட்டுச் சத்தம் நின்றது. கேலி நின்றது. அத்தனை பேருக்கும் அப்போதுதான் உறைத்தது. புருஷன் இல்லாதவளுக்குக் குங்குமம் வைப்பதா? இது விளையாட்டில்லையே! சீனியர் முகம் வெளுத்துப் போச்சு. பாவம், அவளும் சின்னப் பெண்தானே. தட்டை மெதுவாக என் பக்கம் திருப்பினாள்.

“ஏன் அக்கா தாண்டிப் போறீங்க?”

குரலில் கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

“இல்ல... வந்து... உங்களுக்கு...” முதல் தடவையாக ஒரு சீனியர், ஒரு கன்னுக்குட்டியிடம் “உங்களுக்கு” என்றாள்.

“எனக்கு வைக்க வேணாம் அக்கா. கன்னுக்குட்டிக்கு வைங்க.” தலையைக் குனிந்து நெற்றியை நீட்டினாள்.

சீனியர் குங்குமத்தைத் தொட்டு வைத்தாள். பொட்டு கொஞ்சம் கோணல்தான். இவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மணி கட்டியதும் அவளே அதை ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டினாள். எல்லோரும் ஓவென்று கத்தினோம். ஒருத்தி தட்டைத் தட்டியே நெளித்துவிட்டாள்.

அந்தக் கூச்சலில் பின்கட்டுக் கதவு திறந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அவளுடைய அண்ணன் நின்றிருந்தார். தோளில் தங்கைக்கு என்று கொண்டுவந்த ராகி மாவு மூட்டை. ஊரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார். தங்கை நெற்றியையே பார்த்தார். அப்புறம் கழுத்து மணியை. வாயில் தெலுங்கில் இரண்டே வார்த்தை வந்தது.

“சாலு. பத.”

போதும், கிளம்பு என்று அர்த்தம். வார்டன் அம்மா ஓடி வந்தார். தஞ்சாவூர்க்காரர், தெலுங்கு ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. “பிள்ளைங்க தெரியாம பண்ணிடுத்துங்க, மன்னிச்சுக்கோங்க” என்று அவரிடம் கைகூப்பி, இவளிடம் திரும்பி, “முதல்ல அதை அழி” என்றார்.

இவள் அழிக்கவில்லை.

அண்ணன் பேச ஆரம்பித்தார். கத்தவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. “ஊர்ல எத்தனை பேச்சு வாங்கிட்டு உன்ன இங்க விட்டேன், தெரியுமில்ல? தை மாசம் என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கணும். அத்தைக்காரி பொட்டு வெச்சிட்டு, கழுத்துல மணி கட்டிட்டுக் கூத்தாடுறான்னு ஒருத்தன் பார்த்துச் சொன்னாப் போதும். என் வீட்டுப் படி ஏறுவானா? போய்ப் பெட்டிய எடுத்துட்டு வா.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று இன்றைக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். அன்றைக்கு அவருக்கு அது எவ்வளவு பெரிய பயம் என்று அந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கெட்ட மனுஷர் இல்லை அவர். அவளைப் படிக்க வைத்த ஒரே ஆள் அவர்தானே. அவள் பெட்டி கட்டினால் கதை முடிந்தது. மறுபடி ராகிக் கல்லு, மாட்டுத் தொட்டி, சாகிறவரைக்கும்.

அவள் தெலுங்கிலேயே பதில் சொன்னாள். ஓசூர்க்காரி எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. இன்றும் காதில் இருக்கிறது.

“அண்ணா, அவரு போன அன்னைக்கு ஊர் எனக்கு ஒரு பேரு வெச்சுது. அந்தப் பேரு என்னைக்குப் போவும்னு யாராச்சும் சொன்னாங்களா? கட்டையில வெச்சாத்தான் போவும். இந்தக் கன்னுக்குட்டிங்கற பேரு ஒரு வருசத்துல போயிரும். அடுத்த வருசம் இந்தப் புள்ளைங்க மாதிரி நானும் ஒருத்திக்கு அக்கா. அதுக்கடுத்து டீச்சரு. முதல் வருசம்னு ஒண்ணு இருந்தாத்தானே அண்ணா ரெண்டாவது வருசம்னு ஒண்ணு வரும்? பத்து வருசமா எனக்கு எல்லா வருசமும் ஒரே வருசமாத்தானே கிடந்துச்சு?”

அண்ணன் மூட்டையைத் தோள் மாற்றினார். அவள் தொடர்ந்தாள்.

“எத்தனை கல்யாணம், எத்தனை சீமந்தம்? ஒவ்வொண்ணுலயும் குங்குமத் தட்டு என் முன்னால வந்து, நின்னு, தாண்டிப் போச்சு. உங்க பொண்ணு பெரியவளான அன்னைக்குக்கூடத் தாண்டிச்சு. நான் ஒரு வார்த்தை கேட்டனா? இங்க தாண்டலண்ணா. புருசன் இருக்கறவ, இல்லாதவன்னு பாக்காம, முதல் வருசத்துக்காரின்னு வெச்சாங்க. குளிச்சா இது போயிரும். இத அழிக்கச் சொல்லாதீங்க, தானாப் போவட்டும்.”

அவர் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வையைத் துடைக்கிற மாதிரிதான் துடைத்தார், ஆனால் நெடுநேரம் துடைத்தார். ஹாஸ்டல் பசு அவர் பக்கத்தில் நின்று அகத்திக்கீரையை மென்றுகொண்டிருந்தது.

கடைசியில் அண்ணன் அந்தப் பெரிய அதிகாரி சீனியரைப் பார்த்துத் தமிழில் கேட்டார்: “இந்த மணி எப்ப அவுப்பீங்க?”

“தசராவுக்குங்க” என்றாள் அவள், அழுகையை அடக்கிக்கொண்டு.

“தசராவுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். லீவுக்கு மட்டுந்தான். முடிஞ்சதும் கொண்டாந்து விட்டுடறேன்.” வார்டன் அம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டார். ராகி மாவு மூட்டையைக் காட்டி, “எல்லாருக்குமே களி கிண்டிக்குங்க” என்றார்.

கதவு வரைக்கும் போனவர் நின்றார். திரும்பாமலே கூப்பிட்டார்:

“ஏ, கன்னுக்குட்டி!”

அவள் வாயால் பதில் சொல்லவில்லை. சட்டம் சட்டம்தானே. மணியைப் பிடித்து ஆட்டினாள், அவர் தெருமுனை திரும்புகிறவரைக்கும் ஆட்டினாள். நாங்கள் அத்தனை பேரும், யாரும் சொல்லாமலே, எங்கள் கழுத்து மணிகளைச் சேர்த்து ஆட்டினோம். அழுகையும் சிரிப்புமாக ஒரே இரைச்சல்.

சாயங்காலம் குளித்துவிட்டு வெறும் நெற்றியோடுதான் வந்தாள். மறுபடி அவள் பொட்டு வைத்துக்கொள்ளவில்லை. “அது கன்னுக்குட்டியோடது, என்னோடதில்ல” என்று சிரித்தாள். நானும் வீட்டுக்கு ஆள் அனுப்பவில்லை. அந்த மணியைத் தசரா வரைக்கும் அவ்வளவு வீம்பாகக் கட்டிக்கொண்டு திரிந்தவள் என்னை மாதிரி யாரும் கிடையாது!

அடுத்த ஜூனில் புதுக் கன்னுக்குட்டிகள் வந்தபோது, குங்குமத் தட்டை யார் பிடிப்பது என்று பேச்சே எழவில்லை, அவளிடம்தான் கொடுத்தோம். அந்த வருஷமும் வரிசையில் ஒரு வெள்ளைச் சேலை இருந்தது. அந்தப் பெண் தானாகவே ஒதுங்கி நின்றாள். இவள் போய்க் கையைப் பிடித்து வரிசைக்குள் இழுத்துக்கொண்டு வந்தாள்.

நான் பிறகு பல ஊர்களில் டீச்சராக இருந்தேன். எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், மலைக்க வைத்தவர்கள் ரொம்பக் குறைச்சல். அவளை நினைத்தால் இன்றும் மலைப்புத்தான். நாங்களெல்லாம் அவமானம் என்று நினைத்து அழுத ஒரு கேலிப்பேரில், தனக்கென்று ஒரு இரண்டாம் வருஷம் இருப்பதைப் பார்த்தவள் அவள். ஜூன் மாதம் பள்ளிக்கூட வாசலில் புதுசாக வந்து மிரண்டு நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: ஒரு வருஷத்தில் உதிர்கிற பேரை யாருக்கு வேண்டுமானாலும் வைத்துக் கேலி பண்ணிக்கொள்ளுங்கள், சாகிறவரைக்கும் உதிராத பேரை மட்டும் யாருக்கும் வைத்துவிடாதீர்கள்.