படங்குக்கு விழுந்த அடி

பிள்ளையை அடிக்காமல் வளர்த்தால் உருப்படுமா என்று யாராவது பேச்செடுத்தால், நான் மெல்ல எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். என் வீட்டிலேயே அந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. மகள் தன் பிள்ளைகள்மேல் கை வைப்பதில்லை. மருமகனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "நீங்க சொல்லுங்க மாமி, ஒங்கள அடிச்சுத்தானே வளர்த்தாங்க?" என்று என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். நான் வளர்ந்த லயத்தில் கேட்டிருந்தால் அத்தனை பேரும் ஆமாம் என்று சத்தியம் செய்திருப்பார்கள். ஒரு நாள் வரைக்கும்.

இறம்பொடைக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரத் துரை இருந்த காலம். எனக்கு ஒன்பது வயது. அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மா கொழுந்து பறித்தாள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் இருந்த லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை. காம்பராவுக்குக் காம்பரா நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் எட்டாது. இந்தப் பக்கம் பிள்ளைக்கு அடி விழுந்தால் அந்தப் பக்கம் கேட்கும். விழாவிட்டால் அதுவும் தெரிந்துவிடும். "தகப்பன் இல்லாத புள்ள. இவ கொஞ்சிக் கொஞ்சியே கெடுக்கப் போறா" என்று பக்கத்துக் காம்பராப் பெரியம்மா சுவருக்கு மேலாகச் சொல்வார்.

அந்தச் சொல் அம்மாவைச் சுட்டிருக்க வேண்டும். ஒரு நாள் நான் மண்ணெண்ணெய்ப் போத்தலை உடைத்தபோது விறகுக்கு வைத்திருந்த மிலாறுக் கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவி ஓங்கினாள். குச்சி என்மேல் விழவில்லை. பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த படங்கில், கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டுவாளே அந்தத் தடிச் சாக்கில், தொம்மென்று விழுந்தது. நான் பயத்தில் வீரிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "போதும் புள்ள, விட்டுரு, சின்னப் புள்ளதானே" என்று பெரியம்மாவின் குரல் வந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நான் என்ன செய்தாலும் படங்கு அடி வாங்கும், நான் கத்துவேன். "அய்யோ அம்மா, இனிமே செய்ய மாட்டேன்!" கத்துவதில் எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனமே வந்துவிட்டது. எல்லாம் முடிந்ததும் அம்மா என்னை மடியில் இழுத்து, "சரி, இப்ப சொல்லு. ஏன் செஞ்ச?" என்று கேட்பாள். நான் ஒன்றுவிடாமல் சொல்வேன். அவளிடம் பொய் சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை.

பெரியம்மாவின் மகளுக்கும் என் வயதுதான். அவளுக்கு விழுந்ததெல்லாம் உண்மையான அடி. ஒரு நாள் லயத்துக்குப் பொதுவான பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது பாவாடையைத் தூக்கிக் கணுக்காலில் இருந்த தடிப்புகளைக் காட்டினாள். "நேத்து ஒனக்குத்தான் என்னவிட நெறைய. காட்டு, பாப்போம்" என்றாள். காட்ட என்னிடம் என்ன இருந்தது? கால் வலிக்கிறதா என்று அவளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "எங்கம்மா என்னைய அடிக்கவே அடிக்காது. படங்கத்தான் அடிக்கும்" என்று பெருமையடித்தேன். அடிபட்ட பிள்ளையிடம் போய் அந்தப் பெருமை. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பீலி முழுக்க அதே பேச்சு. "என்னா, இன்னைக்கிப் படங்குக்கு எத்தன அடி?" என்று பெண்கள் அம்மாவைக் கேட்டுச் சிரித்தார்கள். அம்மா குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். "சொல்லிட்டியா?" என்றாள். "ஆமா" என்றேன். "சரி" என்றாள். அவ்வளவுதான்.

அதற்கடுத்த வாரம் தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கர் ஐயா வீட்டுத் தோட்டத்தில் பேரிக்காய் திருடப் போனோம். பெரியம்மாவின் மகளும் நானும் இன்னும் இரண்டு பேரும். அடிக்காமல் வளர்த்ததால்தான் நான் திருடினேன் என்று லயம் பிற்பாடு முடிவு கட்டியது. நாலு திருடிகளில் மூன்று பேர் அடிபட்டே வளர்ந்தவர்கள் என்பது யாருக்கும் கண்ணில் படவில்லை.

காவலுக்கு இருந்த வாச்சர் நாலு பேரையும் பிடித்து, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு எல்லாரும் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்து லயத்துக்குக் கொண்டுவந்தார். "பெத்தவங்க என் கண்ணு முன்னால கண்டிக்கணுமாம். இல்லாட்டி நாளைக்கி அவங்களுக்குப் பேரு இல்லன்னு ஐயா சொல்லச் சொன்னாரு" என்றார். பேர் இல்லை என்றால் வேலை இல்லை. மற்ற மூன்று பேருக்கும் மளமளவென்று விழுந்தது. மூன்று பேரும் கத்தினார்கள், மூன்று பேரையும் சீக்கிரம் விட்டுவிட்டார்கள்.

பிறகு எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகத் திரும்பினாள். "உள்ளுக்குப் போகாத. இங்கனயே வாசல் இஸ்தோப்புல வச்சு அடி. படங்கெல்லாம் வேணாம்" என்றார் பெரியம்மா. யாரோ சிரித்தார்கள்.

அம்மா குச்சியை எடுத்தாள். முதல் அடி கெண்டைக்காலில் விழுந்தது. நான் கத்தவில்லை. இரண்டாவது, மூன்றாவது. "பாரேன் திமிர, ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா?" என்று ஒரு குரல். வாச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா குனிந்து என் முகத்தருகே வந்தாள். "அழு புள்ள" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "அழு தாயி. நீ அழுதாத்தான் நிறுத்த முடியும்."

நான் அழவில்லை. அவள் மறுபடி அடித்தாள். மறுபடி "அழு" என்றாள். எத்தனை என்று தெரியாது. கடைசியில் குச்சியைப் போட்டுவிட்டு, எல்லார் முன்னாலும் இஸ்தோப்பில் உட்கார்ந்து அவள்தான் வாய்விட்டு அழுதாள். "சரி, சரி, போதும்" என்று வாச்சர் கிளம்பினார்.

உள்ளே வந்து என் காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள். இனி மடியில் இழுத்து, ஏன் செஞ்ச என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. நானும் பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

பயத்தில் குரல் வரவில்லை என்றுதான் பிற்பாடு அவளிடம் சொன்னேன். அவள் நம்பினாளோ என்னவோ. உண்மையில் குரல் தொண்டை வரைக்கும் வந்தது. என்னை அடித்துவிட்டாளே என்ற ஆத்திரம் எனக்கு. அத்தனை பேர் முன்னால் அவள் தோற்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பொய் அடிக்கு லயமே அதிரக் கத்தியவள் நான். அன்றைக்கு ஒரே ஒரு தடவை கத்தியிருந்தால் அம்மா நிறுத்தியிருப்பாள்.