தேயிலை டின் இருக்கும் இடம்

எங்கள் அன்புத் தந்தையார் வடமராட்சியில் பிறந்தவர். அகதியாக ஜெர்மனிக்கு வந்து, பான் நகருக்கு அருகே ஒரு தொழிற்சாலையின் களஞ்சியத்தில் ஓய்வு பெறும்வரை உழைத்தவர். யாருடைய மனமும் நோகப் பேசாதவர். இதையெல்லாம் இந்த நினைவு மலருக்கு ஆறுதலாக எழுதத்தான் மகளாகிய நான் உட்கார்ந்தேன். இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து பார்க்கிறேன்.

கடைசி மூன்று ஆண்டுகள் அப்பா, வீட்டுச் சாமான்களைப் பட்டியலிடும் ஒரு மென்பொருளோடுதான் திரிந்தார். கைப்பேசியில் படம் எடுப்பார், இலக்கம் கொடுப்பார், இருக்கும் இடத்தை எழுதுவார். களஞ்சியப் புத்தி இன்னும் போகவில்லை என்று சிரித்தோம்.

“அண்ணை, அண்ணிக்கும் நம்பர் போட்டாச்சோ?” என்பார் சித்தப்பா.

“அவ ஒரு இடத்திலை நிண்டால்தானே போடலாம்” என்பார் அப்பா. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

இறுதிக்கிரியைக்கு வந்த உறவுகளாகிய நீங்கள் எங்கள் வீட்டையும் ஒழுங்குபடுத்தித் தந்தீர்கள். தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த தேயிலை டின் குசினிக்குப் போனது. சப்பாத்து அலுமாரியில் இருந்த கத்தரிக்கோல் மேசையின் இழுப்பு லாச்சிக்குப் போனது. மறுநாள் காலை அம்மா தொலைக்காட்சியின் முன்னே குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

“இஞ்சைதானே இருந்தது. ஆர் எடுத்தது?” என்று அழுதார்.

அன்றுதான் அப்பாவின் கைப்பேசியைத் திறந்தேன். அந்தப் பட்டியலில் டின்னின் படத்துக்குக் கீழ் எழுதியிருந்தார்: “தேயிலை டின். அவ ரெண்டு தரம் டிவிக்குக் கீழை தேடினவ. இனி அங்கையே இருக்கட்டும்.” ஒவ்வொரு சாமானுக்கும் இப்படி ஒரு குறிப்பு. அம்மாவின் மறதியை அப்பா ஒருவரிடமும் சொல்லவில்லை. அம்மா எங்கே தேடுகிறாரோ அங்கேயே பொருளை மாற்றி வைத்துவிட்டு, எங்கள் கேலியையும் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அப்பா.

அம்மா தனியாக இருக்கலாமா என்று பார்க்க, வரும் திங்கட்கிழமை ஓர் அதிகாரி வீட்டுக்கு வர டெர்மின், அதாவது நாளும் நேரமும், தந்திருக்கிறார். அதற்குள் படங்களைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைக்க ஓடித் திரிகிறேன். இதை மலரில் எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

“எழுது பிள்ளை. இல்லாட்டிச் சனம் வந்து திரும்ப அடுக்கிப்போடும்.”

அப்பாவை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றவர்களுக்கும், எங்களுக்குச் சமைத்துத் தந்தவர்களுக்கும், இன்றைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மதிய உணவுக்கு வீட்டுக்கு வரும்போது, தேயிலை டின் தொலைக்காட்சிக்குக் கீழே இருப்பதைக் காண்பீர்கள். தயவுசெய்து அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.